ஒரு சாண் லட்சுமி

ட்ரிங்... ட்ரிங்...!

டாக்டர் புகழேந்தி கடுப்போடு செல்போனைப் பார்த்தார்.

கட் செய்தார்.

"சம்சாரம். வேற வேலை இல்ல அவளுக்கு."

திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் மணிமொழிக்கு எதிரே கால் மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார் புகழேந்தி. கீழ்பென்னாத்தூர் அகழாய்வின் தலைவராம். அந்தத் தலைக்கனத்தை நாற்காலியால்கூடத் தாங்க முடியவில்லை!

போன வாரம் அங்கே ஒரு சாண் உயரக் கல் லட்சுமி கிடைத்தாள். பல்லவர் காலம். நேற்று அவளை வைத்திருந்த கொட்டகையின் பூட்டு உடைந்து... லட்சுமி மாயம்!

வாட்ச்மேன் காசி மண்டையில் கட்டோடு லாக்கப்பில் முனகினான்.

"நான் எடுக்கலம்மா... யாரோ பின்னாலேர்ந்து அடிச்சிட்டாங்கம்மா..."

"நடிப்பு!" சீறினார் புகழேந்தி. "இவனை இன்னிக்கே ஜெயிலுக்கு அனுப்புங்க. என்ன தயக்கம்?"

"கொட்டகையில அத்தனை பெட்டி இருந்துச்சு. திருடன் சரியா ஒண்ணைத்தான் திறந்திருக்கான். சிலை எதுல இருக்குன்னு உங்க டீமுக்கு மட்டும்தானே சார் தெரியும்?"

"என் டீமையே சந்தேகப்படறீங்களா? எல்லாம் படிச்சவங்க!"

ட்ரிங்...!

"எடுங்களேன் சார். அவசரமோ என்னவோ."

"கிரிவலத்துக்கு எந்தப் புடவைன்னு கேப்பா. அறிவு கம்மி, பேச்சு ஜாஸ்தி!"

போனையே அணைத்துவிட்டார்.

மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் ஆட்டோ கிறீச்சிட்டது. ஒரு பெண்மணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் பழந்துணி மூட்டை!

"இந்தச் சனியனை வாங்கிக்குங்கம்மா! எங்க வீட்டுப் பரண்ல இருந்துச்சு!"

திரும்பியவள் புகழேந்தியைப் பார்த்தாள்.

"ஏங்க, எத்தனை வாட்டி போன் பண்றது? மூதேவி சிலையைக் கொண்டாந்து வீட்ல வெச்சிருக்கீங்களே!"

மூட்டை அவிழ்ந்தது.

கல் லட்சுமி!

புகழேந்தி மேலே போட்டிருந்த கால் தானாகக் கீழே இறங்கியது.

"யா... யாருடி மூதேவின்னு சொன்னது?"

"ஊர் வாட்ஸ்அப் பூரா அதுதாங்க! காணாமப்போனது மூதேவி சிலையாம். வெச்சிருந்தா குடும்பம் விளங்காதாம். தூக்கிப் போட்டாலும் திரும்பி வந்துடுமாம். ஸ்டேஷன்ல குடுத்தாத்தான் விடுமாம்!"

"கையில தாமரை இருக்கு பாருடி! லட்சுமிடி அது... லட்சுமி!"

"லட்சுமியேதான்," என்றாள் மணிமொழி. "அந்த மெசேஜை அனுப்பினது நான்தான். போனை எடுத்து இதையே வீட்ல சொல்லியிருந்தா, நீங்க தப்பிச்சிருப்பீங்க சார்."

லாக்கப் திறந்தது. காசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். டாக்டர் உள்ளே போனார்.

"வ... வக்கீலுக்கு ஒரு போன் பண்ணணும்..."

"தாராளமா பண்ணுங்க. அவராவது எடுக்கறாரான்னு பார்ப்போம்!"