ஐந்தாவது தொப்பி

மான் வேட்டைக் காலம் ஒன்பதே நாட்கள்தான். இன்று ஒன்பதாவது நாள். லின்னியா இன்னும் ஒரு மானைக்கூடச் சுடவில்லை.

மரத்தில் கட்டிய பரணில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். விஸ்கான்சின் பனி அவள் மூக்கு நுனியைக் கடித்தது. பூட்ஸுக்குள் கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். இருந்தன. ஆனால் வேறு யாருடைய விரல்களோ போலிருந்தன.

“அப்பா, என் மூக்கு விழுந்துடுச்சான்னு பாருங்க.”

“இருக்கு. சத்தம் போடாதே. அவங்க கிளம்பிட்டாங்க.”

கீழே ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்த சதுப்பு. அதற்குள் பதுங்கிய மான்களைக் கிளப்பிவிட ஐந்து பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். டோரிஸ் அத்தை, அவருடைய இரட்டைப் பையன்கள், லின்னியாவின் அண்ணன் ஓவென், அப்பாவின் நண்பர் லெஸ்டர். தவறிச் சுட்டுவிடாமலிருக்க எல்லோருக்கும் பளீரென்ற ஆரஞ்சுக் கோட்டு, ஆரஞ்சுத் தொப்பி.

ஐந்து பேரும் இடப்பக்கத்து வண்டிப்பாதைக்கு வந்து சேரும்வரை சதுப்பைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. வேட்டையே அதற்குப் பிறகுதான். கெட்டிக்கார மான்கள் ஆட்களைப் போகவிட்டு, மெல்ல எழுந்து பின்பக்கமாக நழுவும்.

முதலில் டோரிஸ் அத்தை வந்தார். பிறகு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு இரட்டையர்கள். நான்காவதாக ஓவென். பரணைப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

“இன்னிக்கும் ஒண்ணும் சுடலேன்னா, அடுத்த வருஷம் நீ வீட்டுலதான்!” என்று காலையிலேயே சீண்டியிருந்தான்.

திடீரென்று ஓவென் கையை உதறினான். ஒரு கையுறையைக் காணோம். வந்த வழியே திரும்பி ஓடினான். பனி அடர்த்தியாகக் கொட்டியது. சற்று நேரத்தில் மரங்களுக்கிடையிலிருந்து மறுபடியும் ஓர் ஆரஞ்சுத் தொப்பி வெளியே வந்தது.

“அஞ்சு,” என்று அப்பா கிசுகிசுத்தார். “எல்லாரும் வந்தாச்சு. தயாரா இரு.”

புதருக்குள் ஏதோ அசைந்தது. வெள்ளையாக ஒன்று பளிச்சிட்டு மறைந்தது. மறுபடி பளிச்சிட்டது.

பயந்த மான் தன் வெள்ளை வாலை அப்படித்தான் தூக்கி ஆட்டும்.

“வால் தெரியுது! துப்பாக்கியத் தூக்கு, லின்னி!”

தூக்கினாள். ஒன்பது நாள் குளிருக்கும் பதில் அந்தப் புதருக்குள் நின்றது. அத்தை, இரட்டையர், ஓவென், அப்புறம்... அந்த ஐந்தாவது தொப்பிக்காரன் பல்லில் ஒரு கையுறையைக் கடித்துக்கொண்டு வந்தானே!

“அப்பா, நாலு பேர்தான் வந்திருக்காங்க.”

“அஞ்சு. நான் எண்ணினேன்.”

“ஓவென் ரெண்டு தடவை வந்தான்ப்பா!”

“நல்லா பாத்தியா? மான் போயிடப் போகுது!”

“போகட்டும்.”

சுட முடியாதபடி துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, குழலை மேலே திருப்பினாள். பிறகு இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

“லெஸ்டர் மாமா!”

காடே அடங்கிப் போயிற்று.

“இங்கேதான் இருக்கேன்! எதுக்கு இந்தக் கத்து கத்துறே?” என்றது புதர்.

தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளையாக ஓர் உருவம் எழுந்தது. மரக்கிளை ஒன்று தன் பனிச்சுமை முழுவதையும் அவர்மேல் கொட்டியிருந்தது. தொப்பியைக் காணோம். கையில் வெள்ளைக் கைக்குட்டை. அதைக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் பெரிய கொம்பன் மான் ஒன்று துள்ளி எழுந்து, ஓடியே போய்விட்டது.

அப்பா லின்னியாவின் துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை வெளியே எடுத்தார்.

மாலையில் வேட்டைக் குடிசையில் ஓவென் கத்தரிக்கோலோடு வந்தான். மானைத் தவறவிட்டவரின் சட்டை நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அவர்கள் வழக்கம்.

“திரும்புடி! கத்தியே மானை விரட்டின முதல் ஆளு நீதான்.”

“அவளை விடு,” என்று அப்பா எழுந்தார். தன் சட்டையை வெளியே இழுத்துவிட்டார். “தப்பா எண்ணினவன் நான். என்னோடத வெட்டு.”

“பெரிசா வெட்டு, ஓவென்,” என்றார் லெஸ்டர். தன் வெள்ளைக் கைக்குட்டையையும் ஆணியில் மாட்டினார். “காட்டுக்கு இதைக் கொண்டுவந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

இரவுச் சாப்பாட்டுக்கு மானிறைச்சி இல்லை. பீன்ஸ் சூப்தான். லின்னியா அதை ஏழு கிண்ணங்களில் ஊற்றினாள்.

ஏழாவது கிண்ணத்தை எட்டிப் பார்த்த லெஸ்டர் மாமா, “இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா,” என்றார்.

லின்னியா விளிம்புவரை ஊற்றினாள்.