இடது தோள்

அவன் கதவைத் திறந்த அதே நொடியில், ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி அவன் நெஞ்சை நேராகப் பார்த்தது.

"ஐயோ, சுட்டுடாதீங்க! என்கிட்ட குடை மட்டும்தான் இருக்கு!"

துப்பாக்கிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. மழைக்கு முந்தைய வானம் போல் இருண்ட, நிலைகொள்ளாத கண்கள்...

"தோட்டா இல்லீங்க. யார் தோள்ல இருந்ததுன்னு பார்த்துட்டிருந்தேன்."

"எங்க தாத்தா தோள்லதான். அவர் புலி சுட்ட துப்பாக்கி அது."

பழைய வேட்டைத் துப்பாக்கிகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பற்றி ஆராய்வது அந்த அருங்காட்சியகத்தில் அவள் வேலை. தன் வீட்டார் கொடுத்த துப்பாக்கியின் கண்காட்சிப் பலகையில் தாத்தாவைப் பற்றி என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்க்க வந்தவன், மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்... கேட்டால், "துப்பாக்கி சௌக்கியமான்னு பார்க்க" என்பான்.

அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மாலை சொல்லியேவிட்டாள்.

"துப்பாக்கியோட பின்கட்டையில வலது பக்கம் பாருங்க. கன்னம் பட்டுப் பட்டு வழவழன்னு ஆயிருக்கு. இடது தோள்ல வச்சுச் சுட்டாத்தான் இப்படி ஆகும். படத்துல எல்லாம் உங்க தாத்தாவுக்கு வலது தோள்... இதை அதிகம் சுட்டது வேற யாரோ. அவர்தான் புலியைச் சுட்டார்னு என்னால எழுத முடியாது."

"அப்போ எங்க தாத்தா புளுகரா?"

"துப்பாக்கி சொன்னதைச் சொன்னேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா இதைத் திருப்பி எடுத்துடுவார். அப்புறம் எனக்கும் இங்க வேலை இல்ல!"

கதவு அறைந்து மூடியது.

அதன்பின் வந்த நாட்களில் அவள் அலமாரியைத் திறந்தாள், மூடினாள். அதே குழலைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். கதவு காற்றில் அசைந்தாலும் திரும்பினாள். 'அவர் தாத்தாதான்னு எழுதித் தொலைச்சா என்ன?' பேனாவை எடுப்பாள்... கை ஓடாது.

அன்று கொட்டும் மழை. சொட்டச் சொட்ட அவன் வந்து நின்றான்.

"எங்க வீட்டுல இடது கைப் பழக்கம் பெரிய அத்தைக்கு மட்டும்தான். அவங்க கையில இந்தக் குடையைக் கொடுத்து, 'சுடுங்க அத்தை'ன்னேன். சட்டுனு இடது தோள்ல வச்சு ஒரு கண்ணை மூடினாங்க."

"அத்தையா?"

"கத்துக் கொடுத்தது தாத்தா. புலியைச் சுட்டது அத்தை. 'துப்பாக்கி தூக்கின பொண்ணை யார் கட்டிப்பான்'னு தாத்தா தன் பேரைச் சொல்லிட்டாராம்."

"உங்கப்பா?"

"ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. இன்னிக்கு, 'அக்கா பேரைப் பெரிசாப் போடச் சொல்லுடா'ன்னார்."

அவள் கண்கள் நிறைந்தன. அவன் குரல் தாழ்ந்தது.

"அன்னிக்குத் தோட்டா இல்லன்னீங்களே... அப்புறம் எனக்கு எப்படிப் பட்டுச்சு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆதாரம் இல்லாம நான் எதையும் நம்பறதில்ல."

அவன் தன்னையே குனிந்து பார்த்தான். தலை முதல் கால் வரை ஈரம். கையிலே... விரிக்கவே மறந்துபோன குடை.

அவளும் பார்த்தாள்.

"போதும்" என்றாள் மெல்ல. "நம்பிட்டேன்."