பாடு நாளின் காசு விலை

கண்ணப்பன் வீட்டு வாசலில் வந்து நின்ற லோகநாயகியைப் பார்த்தால் உதவி கேட்டு வந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் நின்றாள். அதில் தப்பும் இல்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், காசு அச்சடித்த சாலையில் இருபது வருஷம் தரம் பார்க்கும் வண்ணக்கராக இருந்தவர் கண்ணப்பன். அவர் செல்லாது என்று தள்ளிய காசை மடியில் கட்டிக்கொண்டு வயிறெரியத் திரும்பாத குடும்பம் ஏரிக்கரைக் குப்பங்களில் இல்லை. ஆனால் புருஷன் அடுத்தவன் கிடங்கில் அடைபட்டுக் கிடக்கும்போது ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விஷயத்தைச் சொன்னாள். பதினோரு வருஷத்துக்கு முன் அவள் மாமனார் வலை வாங்க அங்கமுத்து என்ற வட்டிக்காரரிடம் ஏழாயிரத்து இருநூறு செப்புக்காசு கடன் வாங்கினார். வட்டிக்கு மீன் கொடுத்துவிடுவது, முதல் தொகையை மட்டும் கடன் வாங்கிய நாளின் விலைப்படி பொன் பணமாகத் திருப்புவது என்று ஓலை. மாமனார் செத்த பிறகு அவருடைய கடன் இளைய மகன், அவள் புருஷன் சடையன் தலையில் விழுந்தது. ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமைக்குப் பாடு என்று பெயர். மாமனாரின் பாடும் அவனுக்கே வந்தது. அன்றைக்குப் பணத்துக்கு எழுபத்திரண்டு காசு என்று கிழவர் சாகும்வரை சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் நூறு பணத்தை உயிரைக் கொடுத்துச் சேர்த்துக் கட்டினான் சடையன். அங்கமுத்து தன் ஏட்டைப் பிரித்து, அன்றைய விலை நாற்பத்தெட்டுதான், ஆகவே நூற்றைம்பது பணம் வேண்டும் என்றார். குறைகிற ஐம்பதுக்கு ஆளையே பிடித்துப் போட்டுவிட்டார். நாளை மறுநாள் முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும் கப்பல் கடலுக்கு அப்பால் உலாந்தாக்காரர்களின் பத்தாவியாவுக்குப் பாய் விரிக்கும். சடையன் அதில் அடிமையாகப் போவான்.

"அந்த வருஷம் நான் மசூலிப்பட்டணத்துல இருந்தேன். எனக்கு விலை தெரியாது," என்றார் கண்ணப்பன்.

"தெரியாதுன்னா இன்னாத்துக்கு வண்ணக்கருன்னு பேரு?" என்றாள் அவள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோட்டையில் அந்த வருஷத்து விலை ஏடு கப்பலேறிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் ஏடு வைத்திருந்தவர்கள் அங்கமுத்துவைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஒருவர் கதவை முகத்துக்கு நேரே சாத்தினார். இன்னொருவர், மீன்காரிக்காக வக்காலத்து வாங்க வெட்கமாக இல்லையா என்று கேட்டார். லோகநாயகி பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியில் கோட்டையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி மட்டும் ஒரு வார்த்தை கொடுத்தார்: கண்ணால் பார்க்கிற சாட்சி இருந்தால் சேவகனை அனுப்புகிறேன், இல்லாவிட்டால் என்னைத் தொந்தரவு செய்யாதே.

திரும்பும் வழியில் கண்ணப்பன் கேட்டார்: "கடன் வாங்கின அன்னிக்கு உங்க ஊர்ல வேற யாராவது பணத்தைக் காசா மாத்தினாங்களா?"

"அன்னிக்குப் பாடு சீட்டு விழுந்த நாளு. யாரு போய் மாத்துவாங்க?" என்றவள் சட்டென்று நின்றாள். "அம்மனுக்கு மாத்துவாங்க."

அவள் ஊரான பசியாவரத்தில், யாருக்கு எந்த முறை என்று பாடு சீட்டுப் போடும் நாளன்று ஊர் சார்பில் அம்மனுக்கு ஒரு பணம் காணிக்கை. பொன் பணம் பருப்பளவுதான். கட்டித் தொங்கவிட முடியாது. அதனால் அன்றைய விலைக்கு அதைச் செப்புக்காசாக மாற்றி, ஓட்டை போட்டு, வலைக்கயிற்றில் கோத்து அம்மன் கோயில் கம்பத்தில் கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு சரம், பழையதற்கு மேலே புதியது. கட்டிய பிறகு யாரும் எண்ணுவதில்லை.

மேலேயிருந்து பன்னிரண்டாவது சரத்தை எண்ணினால் போதும் என்றார் கண்ணப்பன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார். அவளும் வெளியாள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பத்துக்குப் பூசை செய்கிற தசரதன் சடையனின் கூடப்பிறந்த அண்ணன். அவரிடம் கேட்காமல் கம்பத்தைத் தொடுவது எப்படி? அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள். அவர் கண் கலங்கி, தம்பியை அம்மன் கைவிடமாட்டாள் என்றார்.

மறுநாள் காலை தோணி பசியாவரத்தில் ஒதுங்கியபோது ஊரே கரையில் நின்றது. வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மன் காசை எண்ண வந்த வண்ணக்கரைத் தண்ணீரில் தள்ளினால் என்ன என்று ஒருவன் உரக்கவே கேட்டான். கோட்டைச் சேவகன் கூட வந்ததால் பேச்சோடு நின்றது. அங்கமுத்துவும் வந்திருந்தார், குடை பிடிக்க ஆளோடு.

வெளியூர்க்காரர் கை படக்கூடாது என்றார்கள். லோகநாயகியே எண்ணினாள். கயிறு நழுவாமல் இருக்க, கம்பத்தைச் சுற்றியிருந்த பகுதியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டாவது சரத்தைக் காசு காசாகத் தள்ளினாள். நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டுதான்.

அங்கமுத்து சிரித்தார். கூட்டம் அவளைத் திட்டியது. செத்த மாமனாரையும் பொய்யர் ஆக்கிவிட்டாளாம். தசரதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கண்ணப்பன் மேல், அம்மன் மேல், எல்லார் மேலும். பச்சையாய்க் கறைபட்ட இடது உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள்.

"துடைக்காதே," என்றார் கண்ணப்பன். "எந்தக் கையால காசைத் தள்ளினே?"

"வலது கையால."

"அப்போ இடது கை ஏன் பச்சையாச்சு?"

அவர் கூட்டத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினார். உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும்; காசு உரசிக்கொண்டு கிடக்கிற கயிற்றிலும் அந்தப் பச்சை ஏறும். ஆனால் இந்தச் சரத்தில் காசே இல்லாத பகுதி, கம்பத்தைச் சுற்றிய பகுதி, பச்சையாக இருக்கிறது. மற்றச் சரங்கள் கம்பத்தை ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கின்றன, இது இரண்டு சுற்று. யாரோ அவிழ்த்துக் காசை உருவிவிட்டு, மிஞ்சிய கயிற்றைச் சுற்றி மறைத்திருக்கிறார்கள். அவள் அவிழ்த்துக் காட்டினாள். மூன்று விரற்கடை நீளத்துக்குக் கயிறு பாசி நிறத்தில் இருந்தது.

"எத்தனை காசுன்னு கயிறு சொல்லுமா?" என்றார் அங்கமுத்து.

"காசே சொல்லும்," என்றார் கண்ணப்பன். "உருவினவன் உங்க ஆளா இருந்தா அதைக் கடையில செலவு பண்ணியிருப்பான். கம்பத்தைத் தொடுற உரிமை இந்த ஊர்க்காரனுக்குத்தான். இந்த ஊர்க்காரன் அம்மன் காசைச் செலவு பண்ணமாட்டான், ஏரியில போடமாட்டான், வீட்டுலயும் வைக்கமாட்டான். பயம். கம்பத்துலயேதான், அவசரத்துல லேசா அவிழற உச்சிச் சரத்துல கட்டியிருப்பான். இந்த வருஷம் பாடு அன்னிக்குப் பணத்துக்கு எத்தனை காசு?"

அறுபது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். நாலு மாதத்துக்கு முந்தின விலை; குழந்தைக்கும் தெரியும்.

லோகநாயகி உச்சியில் இருந்த சரத்தை எண்ணினாள். எண்பத்து நாலு. பழுப்பு மாறாத அறுபது புதுக்காசுக்கு அடியில், அழுக்குப் பச்சையாய் இருபத்து நாலு பழங்காசு. அவற்றைப் பாசிக் கறையின் மேல் நெருக்கி அடுக்கிவைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தின.

நாற்பத்தெட்டும் இருபத்து நாலும் எழுபத்திரண்டு. சேவகன் தலையாட்டினான். அங்கமுத்து குடைக்காரனைத் திட்டிக்கொண்டே தோணிக்கு நடந்தார்.

"நேத்து நீ யார்கிட்ட சொன்னே?" என்று கண்ணப்பன் அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் பார்வை தசரதன் பக்கம் போயிற்று. தசரதன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. தம்பி கப்பலேறினால் பாடு அண்ணனுக்கு வரும். கூட்டத்தில் ஒவ்வொருவராக அதைப் புரிந்துகொண்டு அவரை விட்டு விலகி நின்றார்கள். அதற்காக வண்ணக்கருக்கு யாரும் நன்றி சொல்லிவிடவில்லை. இனி இந்தக் கரையில் கால் வைக்காதே என்றுதான் சொன்னார்கள். அவர் சரி என்றார்.

மத்தியானம் கிடங்கைத் திறந்தார்கள். சடையன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி இறங்கினான். மனைவியைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அண்ணன் வரலியா? எப்படியும் அது வந்து மீட்டுடும்னுதான் உசுரைக் கையில புடிச்சிக்கினு இருந்தேன்."

மறைக்க அவளுக்கு வராது.

"அம்மன் சரத்தை அவுத்துக் காசை உருவினதே அவருதான்," என்றாள். "நீ திரும்பி வராம இருக்கறதுக்கு."

விடுதலையான மனுஷன் அந்தக் கிடங்குப் படியிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டான். அங்கமுத்துவின் ஆள் வந்து வழியை விடச் சொன்னான். லோகநாயகி புருஷனின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அவன் எழவில்லை.