ஏழாவது வளைவின் தடுப்பு

திரையில் ஓடிய வீடியோவில் ஏழாவது கொண்டை ஊசி வளைவு வந்தபோது, பள்ளத்து விளிம்பில் சிவப்புப் புள்ளிகள் ஜோடி ஜோடியாகப் பளிச்சிட்டன. சர்புதீன் குடித்துக்கொண்டிருந்த டீயை மெதுவாக மேஜையில் வைத்தார். அந்த இடத்தில் தடுப்புக் கம்பியும் கிடையாது, ரிஃப்ளெக்டரும் கிடையாது. அந்த அறையில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஒன்பது கம்பம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரிஃப்ளெக்டர்," என்றார் வெளியூரிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த தேவதர்ஷினி. "நேத்து சாயங்காலம் இருட்டினப்புறம் நான் எடுத்தது. ஆனா பாருங்க, எதுவும் ஒரே உயரத்துல இல்ல. அந்த மூணாவது ரொம்பவே தாழ்வு. இதுவும் குறைதான், எழுதிக்குங்க."

பொறியாளர்களுக்குச் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை கற்றுத்தரும் ஐந்து நாள் வகுப்பு அது. கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்து மாடியில் நடந்தது. எல்லோரும் எழுதினார்கள். சர்புதீனின் பேனா மட்டும் அசையவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்வராயன் மலைச் சாலையை அகலப்படுத்தியபோது, வேலை சரியாக முடிந்ததா என்று பார்த்துச் சான்று கொடுக்க வேண்டியவர் அவர்தான். அன்றைக்கு நல்ல மழை. தங்கை பௌசியாவின் நிக்காஹ் வேலை வேறு தலைக்கு மேல் கிடந்தது. 'கம்பி வந்து எறங்கிடுச்சு சார், ரெண்டு நாள்ல நட்டுடுவோம்' என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் போனில் சொன்னார்கள். மலைக்குப் போகாமலே, 'தடுப்பு உள்ளது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கம்பி நடப்படவே இல்லை. மூன்றாவது வாரம், பலாப்பழமும் அதன்மேல் ஆட்களுமாக இறங்கிய லோடு வண்டி ஒன்று அந்த வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. ஒன்பது பேர். பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதி முடித்தார்கள். சர்புதீன் கையெழுத்திட்ட தாளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

யாராவது பிறகு போய் நட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

தணிக்கையில் சாலையை இரவிலும் போய்ப் பார்ப்பது கட்டாயம். அன்று மாலை ஆறரைக்கு முதல் குழு வேனில் கிளம்பியது. தேவதர்ஷினி, உடன் பயிற்சிக்கு வந்த எழில்மதி என்ற இளம் பொறியாளர், சர்புதீன். வண்டி ஓட்டியவர் மலைக்காரரான குமார்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் சர்புதீன் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏழாவது வளைவுல கம்பம் எப்ப நட்டாங்க?"

"கம்பமா? அங்க இன்னா சார் கீது? ஒண்ணியும் கெடையாது." குமார் கியரை மாற்றினார். "எங்க அக்கா மகேஸ்வரி அந்த லோடு வண்டியிலதான் போனா. அதுக்கப்பறம் ரெண்டு வண்டி அங்க வுழப் பாத்துச்சு சார். வுழல. இன்னாத்துலயோ முட்டிக்கினு நின்னுடுச்சு. எறங்கிப் பாத்தா புல்லுதான் கீது."

சர்புதீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வளைவில் வண்டி பாறையோரமாக நின்றது; எதிர்ப்பக்கத்துப் பள்ள விளிம்பு இருட்டில் கிடந்தது. தேவதர்ஷினி செய்யவேண்டியதை விளக்கினார். ஒருவர் பள்ளத்து ஓரமாக நிற்க வேண்டும். வண்டி மேலே போய்த் திரும்பி மெதுவாக இறங்கும். நிற்கும் ஆள் எத்தனை அடி தூரத்தில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிறார் என்று குறிக்க வேண்டும்.

"நான் நிக்கிறேன்," என்றார் சர்புதீன். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் அந்த விளிம்பைத் தான் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

"அந்த மினுக்குற ஜாக்கெட்ட கழட்டிக் குடுத்துடுங்க சார். நடந்து போற ஆளுங்க அதெல்லாம் போட்டுக்க மாட்டாங்கல்ல," என்றார் தேவதர்ஷினி.

கழற்றிக் கொடுத்தார். வண்டி மேலே ஏறியது. அதன் சத்தம் ஒவ்வொரு திருப்பமாகத் தேய்ந்து, கடைசியில் மரங்களுக்குள் எங்கோ கரைந்துபோக, கார்த்திகைக் குளிரும் ஈர மண்ணின் வாடையும் பள்ளத்துக்குள்ளிருந்து மெல்ல மேலேறி அவர் காலடியில் வந்து தேங்கின. செல்போன் டார்ச்சை விளிம்பில் அடித்தார். புல். சரளைக்கல். கம்பம் நட ஒரு குழிகூடத் தோண்டப்படவில்லை.

அப்போது வேறொரு வாசனை வந்தது. பழுத்து வெடித்த பலாப்பழத்தின் கனத்த இனிப்பு வாசனை. ஆனி மாதத்தோடு முடிந்துபோகிற வாசனை. பூச்சிகளின் சத்தம் நின்றிருப்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். கீழே சரிவில் கற்கள் உருண்டன. ஒன்று. இன்னொன்று. உருண்டு கீழே போகிற சத்தமல்ல. கல்லை மிதித்து யாரோ மேலேறி வருகிற சத்தம்.

டார்ச் அணைந்தது.

ஓட நினைத்தார். இடது கையை ஒரு கை பற்றியது.

குளிர்ந்த கை. விரல்களில் பலாப்பால் பிசுபிசுத்தது. மணிக்கட்டில் உடைந்த கண்ணாடி வளையல்; அதன் முனை அவர் தோலில் குத்தியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கத்த வாய் திறக்கவில்லை. கால்கள் மண்ணுக்குள் இறங்கின. கணுக்கால் வரை. முழங்கால் வரை.

மேலே வெளிச்சம் திரும்பியது. வேன் இறங்கி வந்தது. ஹெட்லைட் விளிம்பைத் தடவிச் சென்றபோது ஓரக்கண்ணில் அவர்களைப் பார்த்தார். வரிசையாக, கைகோத்து, சாலையைப் பார்த்தபடி. மூன்றாவதாக நின்றது குழந்தை. எல்லாக் கண்களும் சிவப்பாக மினுங்கின.

வேன் நின்றது.

"சார் எங்க?" எழில்மதியின் குரல்.

"டவர் கெடைக்கலன்னு கீழ நடந்து போய்க்கினு இருப்பாரு மேடம். வளைவு தாண்டினா கெடைக்கும்," என்றார் குமார்.

"சரி, போற வழியில ஏத்திக்கலாம். அதுக்குள்ள இத எண்ணிடுவோம்." தேவதர்ஷினி டார்ச்சுடன் விளிம்போரமாக நடந்து வந்தார். "ஏழு, எட்டு, ஒன்பது..." வெளிச்சம் சர்புதீனின் முகத்தில் நேராக விழுந்தது. அவரால் இமைக்க முடியவில்லை. "பத்து. நேத்து ஒன்பதுன்னு தப்பா எண்ணிட்டேன் போல."

மேடம், நான்தான். மேடம். தொண்டைக்குள் மண் நிறைந்திருந்தது.

அவர் தோளைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பார்த்தார் தேவதர்ஷினி. "உறுதியாதான் இருக்கு. தடுப்பு உள்ளதுன்னு எழுதிக்குங்க எழில்மதி."

குமார் மட்டும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு சாத்தப்பட்டது. பின்விளக்குகள் கீழே சுழன்று மறைந்தன. இருட்டு.

நெடுநேரத்துக்குப் பிறகு, மலைமேலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கலர் விளக்குகள் மின்ன ஒரு சுற்றுலா வேன் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கைதட்டல், பிள்ளைகளின் சிரிப்பு. வளைவு நெருங்கியது. வேகம் குறையவில்லை.

அவர் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. வரிசை முழுவதும் ஒரே உடம்புபோல முன்னால் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார்.

வெளிச்சம் நேராக அவர் நெஞ்சை நோக்கி வந்தது.