ஈடான பிறகு

ஈடறைக் கதவு திறந்து முப்பிடாதி வெளியே வந்தபோது, அவள் மணிக்கட்டு வளையில் பச்சை எரிந்தது. முகம் கழுவிக்கொள்ள வாசலிலேயே குழாய் வைத்திருந்தார்கள். கழுவிக்கொண்டு எட்டாம் வகுப்புக்கு நடந்தாள். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பச்சை எரிந்துவிட்டால் நடந்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான விதி.

மதியச் சாப்பாட்டின்போதுதான் அது நடந்தது. எல்லோரையும் சிரிக்கவைக்க ஆசைப்பட்டு, தன் தோழி எப்சியின் ரகசியம் ஒன்றை முப்பிடாதி போட்டு உடைத்துவிட்டாள். அம்மா இறந்ததிலிருந்து எப்சி தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். அதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் சின்னது. "ஒரு கிள்ளுதானட்டி, சிரிச்சிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டே ஒருத்தி சிரித்தாள். வளை அவளைக் கிள்ளியது. "ஆ" என்று கையை உதறிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். முப்பிடாதியின் வளை சிவந்தது.

ஈடுவளை வருவதற்கு முன்பு பள்ளிகளில் பிரம்பு இருந்தது. வெயிலில் முட்டி போடவைப்பது இருந்தது. ஒரே தப்புக்கு டாக்டர் மகனுக்கு ஒரு கண்டிப்பும், சுமை தூக்குகிறவர் மகனுக்கு முதுகு வீங்குகிற அடியும் கிடைத்தன. வளை அதையெல்லாம் ஒழித்தது. ஒருவருக்கு வலித்தால், அந்த மனம் யாரை நினைத்துக்கொண்டு வலிக்கிறது என்று வளை பார்க்கும். அந்த ஆளுக்கு அதே வலியை, கூட்டாமல் குறைக்காமல், திருப்பிக் கொடுக்கும். சின்ன வலியென்றால் இருந்த இடத்திலேயே வந்துவிடும். பெரிய வலியென்றால் வளை சிவக்கும். உடனே தடித்த சுவருள்ள ஈடறைக்குள் தனியே போய் அதை அனுபவித்துவிட்டு வரவேண்டும். போகாவிட்டால் நிற்கிற இடத்திலேயே வரும். முடிந்ததும் பச்சை. ஈடாச்சு. கடிந்துகொள்ள ஒன்றுமில்லை, காழ்ப்பு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

தமிழ் நடத்துகிற பாக்கியசெல்வி டீச்சர் சின்ன வயதில் பிரம்படி பட்டவர். வளை வந்த வருஷம் கோயிலில் மண்டியிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னவர்.

அவரிடம்தான் ஒருநாள் முப்பிடாதி வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கு வளை ரிப்பேரா இருக்குமோ?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பச்சதான் எரியுது. ஆனா உள்ள ஆறல."

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "எப்சி என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டுக்கா. நான் பக்கத்துல போனா, அதான் ஈடாயிட்டுல்லான்னு சொல்லிட்டு எந்திச்சுப் போயிருதா. தனியா உக்காந்து சாப்பிடுதா டீச்சர். பாதிச் சோத்த அப்படியே கொட்டிருதா. அவளுக்கு வலிச்ச மாதிரியே எனக்கும் வலிச்சிட்டு. அப்புறமும் அவளுக்கு ஏன் சரியாகல?"

"நீ அவகிட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?"

முப்பிடாதி விழித்தாள். "அது சாமிகிட்ட கேக்கறதுல்லா?"

காலை ஜெபத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கைகூப்பிக் கேட்கிற வார்த்தைதான் அது. ஒருவரிடம் ஒருவர் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தேவைப்பட்டதே இல்லை.

முப்பிடாதி எப்சியிடம் மன்னிப்புக் கேட்க, தலைமையாசிரியர் இசக்கியப்பன் சாரிடம் டீச்சர் போய் அனுமதி கேட்டார். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட.

"வேண்டாம்மா. ஈடானதக் கிளறப்பிடாதுன்னு விதியில போட்டிருக்கு."

"ஏன்னு போட்டிருக்கா சார்?"

"அதெல்லாமா போடுவாங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கே போன மாசம் ஈடறை. குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சத்துணவு அக்காவ ஒரு வார்த்த சொல்லிட்டேன். அந்த வார்த்த அவ்வளவு வலிக்கும்னு உள்ள போய்த்தான் தெரிஞ்சிது. வெளிய வந்து நேரா அவங்ககிட்ட போனேன். ஈடாயிட்டு சார்னாங்க. முடிஞ்சிது."

"அதுக்கப்புறம் அவங்க உங்ககிட்ட பேசினாங்களா சார்?"

அவர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "சோறு போடுதாங்க" என்றார்.

டீச்சர் அன்றிரவு ஜெபத்தில் அமர்ந்தபோது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதைத் தடுக்கிற விதி எதுவாக இருந்தாலும் அதை மீறுவது பாவமாகாது என்று அவர் மனதுக்குப் பட்டது. மறுநாள் மாலை, மாடியில் கடைசியில் இருக்கிற பாட்டு அறைக்கு இரண்டு பேரையும் வரச்சொன்னார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொஞ்சம் அதிரசம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். சமாதானமானதும் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடட்டும் என்று நினைத்தார்.

எப்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதி அவளுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், சாமிக்குக் கும்பிடுகிற மாதிரியே கையைக் கூப்பினாள்.

"ஏட்டி எப்சி, நான் அன்னைக்கு அதச் சொல்லிருக்கக் கூடாதுட்டி. நீ என்ன நம்பித்தான சொன்ன."

எப்சியின் உதடு துடித்தது. மூடிக்கிடந்த புண்ணை யாரோ தொட்டதுபோல் அவளுக்கு எல்லாம் திரும்ப வந்தது. சோற்றுத் தட்டு, சிரிப்பு, எல்லாம்.

முப்பிடாதியின் வளை சிவந்தது.

"போம்மா, ஈடறைக்கு ஓடு" என்றார் டீச்சர் பதறி.

"முழுசா சொல்லிட்டுப் போறேன் டீச்சர்." அவள் அசையவில்லை. "எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன்ட்டி. அவ்வளவுதான் காரணம். வேற ஒண்ணுமில்ல. என்ன மன்னிச்சிரு."

அதற்குள் வலி வந்துவிட்டது. முப்பிடாதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகக் குனிந்தாள். கத்தக்கூடாது என்று பாவாடையைச் சுருட்டி வாயில் அடக்கிக்கொண்டாள்.

எப்சி இதுவரை யாரும் பெரிய வலிக்கு ஈடாவதைப் பார்த்ததே இல்லை. அந்தப் பள்ளியில் யாருமே பார்த்ததில்லை. அதற்காகத்தான் ஈடறைக்குச் சுவர் அவ்வளவு தடிமன்.

"முப்பி!" என்று ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, வேண்டாம்ட்டி. நான் மன்னிச்சிட்டேன். டீச்சர், நான் மன்னிச்சிட்டேன் டீச்சர், நிறுத்தச் சொல்லுங்க!"

உண்மையாகவே மன்னித்துவிட்டாள். அவளுக்குள் இருந்த கோபம் முழுவதும் அந்த நொடியில் கரைந்து இரக்கமாக ஆகிவிட்டது. ஆனால் இரக்கமும் வலிதான். தோழி துடிப்பதைப் பார்த்து எப்சியின் மனம் வலித்தது. முப்பிடாதியை நினைத்துக்கொண்டு வலித்தது. வளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முப்பிடாதியால் எப்சிக்கு இன்னொரு வலி. அதையும் முப்பிடாதிக்குக் கொடுத்தது. முப்பிடாதி இன்னும் துடித்தாள். எப்சிக்கு இன்னும் வலித்தது.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. விதியை ஏன் எழுதினார்கள், காரணத்தை ஏன் எழுதவில்லை என்று இரண்டுமே புரிந்தன. இரக்கப்படாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு எந்தக் கையால் எழுதுவது?

அவர் எப்சியை இழுத்து முகத்தைத் தன் சேலையில் புதைத்துக்கொண்டார். "பாக்காதம்மா, பாக்காத."

"கண்ண மூடினாலும் தெரியுது டீச்சர்!"

தரையிலிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"எப்சி... என்ன நெனைக்காத."

"எப்படிட்டி நெனைக்காம இருக்க?"

"கோவப்படாத. பாவமும் படாத. நான் யாரோன்னு வச்சிக்கோ. பஸ்ல வார யாரோ. சொல்லு. சொல்லுட்டி, வலிக்கு."

எப்சி டீச்சரின் சேலைக்குள் நடுங்கினாள். பிறகு, "எனக்கு அவளத் தெரியாது" என்றாள். அது பொய்யாக ஒலித்தது. முப்பிடாதி முனகினாள். "எனக்கு அவளத் தெரியாது. எனக்கு அவளத் தெரியாது." சொல்லச் சொல்ல அவள் குரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று. முதலில் அழுகை போனது. பிறகு நடுக்கம். பிறகு, ஒரு பெண்பிள்ளையின் குரலில் இருக்கிற ஏதோ ஒன்று. கடைசியில் வினாவுக்கு விடை ஒப்பிப்பதுபோல் அதைச் சொன்னாள்.

பச்சை எரிந்தது.

முப்பிடாதி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். எப்சியின் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனாள். எப்சி தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் வரட்டுமா டீச்சர்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனாள். அதிரசப் பொட்டலம் ஆர்மோனியப் பெட்டியின் மேல் பிரிக்காமல் இருந்தது.

மறுநாள் முதல் வகுப்பில் முப்பிடாதியின் ரப்பர் கீழே விழுந்து உருண்டு எப்சியின் காலடிக்குப் போனது. எப்சி குனிந்து எடுத்தாள். "இந்தாங்க" என்று நீட்டினாள். "தேங்க்ஸ்ங்க" என்று முப்பிடாதி வாங்கிக்கொண்டாள். நேற்றுவரை ஏட்டி, வாட்டி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பி, ஒழுங்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகங்களை வரிசையாகப் பார்த்தார். இவர்களில் எத்தனை பேர், எந்தத் தோழனை, எந்தத் தோழியைக் காப்பாற்றுவதற்காக இப்படி ஆகியிருப்பார்கள் என்று யோசித்தார். சாக்பீஸ் கையிலேயே உடைந்தது.

இடைவேளையில் இசக்கியப்பன் சார் வந்தார். "உங்க வளையில சிவப்பு வந்திருக்கும்மா. நான் ஒண்ணும் சொல்லல. வளையே தெரிஞ்சிக்கிட்டு."

விதியை மீறிய ஆசிரியரும் ஈடறைக்குப் போகவேண்டும். அவரால் நோகடிக்கப்பட்ட பிள்ளைகளிடம் இன்னும் எவ்வளவு வலி மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவும் அவருக்கு வரும்.

பாக்கியசெல்வி டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் போனார். உள்ளே ஒரு நாற்காலியும் வெள்ளைச் சுவரும் இருந்தன. உட்கார்ந்தார். அந்த இரண்டு பிள்ளைகளின் வலியையும் சுமப்பதற்கு அவர் தயாராகவே வந்திருந்தார். கொஞ்சம் ஆவலோடுகூட வந்திருந்தார் என்று சொல்லலாம். தாங்க முடியாமல் போனால் பிடித்துக்கொள்ள நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

இரண்டு வலியில் எது முதலில் வரும் என்று காத்திருந்தார். சுவருக்கு அப்பால் மணி அடித்தது. அடுத்த வகுப்பு தொடங்கியது. நெஞ்சில் ஒரு முள் அளவுகூட எதுவும் குத்தவில்லை. கை தளர்ந்தது. வளையில் பச்சை எரிந்தது, கதவு தானாகத் திறந்துகொண்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி அந்தத் தரையிலேயே மண்டியிட்டார். அந்த இரண்டு பேரில் ஒருத்திக்காவது, எங்கேயாவது, கொஞ்சமாவது இன்னும் வலிக்கட்டும் ஆண்டவரே என்று கேட்டார். பிள்ளைகளுக்கு வலிக்கட்டும் என்று ஒரு டீச்சர் ஜெபிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஜெபித்தார்.