குரல் நின்றால் வண்டி நிற்க வேண்டும்

பனிமூட்டக் காலையில் விமானக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிரேக்காரரின் முகம் கடுகடுவென்றிருந்தது. இருக்காதா பின்னே? மச்சினனை இந்த வேலையில் சேர்த்துவிட்ட நாளிலிருந்து வீட்டில் தினமும் ஒரே பல்லவி: "என் தம்பியப் பத்திரமாப் பாத்துக்கங்க." மனைவி பேச்சைத் தட்டாத மனிதர் என்று பெயர் அவருக்கு. தட்டிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை என்பதுதான் சங்கதி.

மச்சினனுக்கு அங்கே வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது.

டிராக்டர் விமானத்தை இழுக்கும்போது, பிரேக்காரர் விமானி இருக்கையில் அமர்ந்து பிரேக்கைக் கவனிக்க வேண்டும். ரேடியோ இறக்கையோடு நடந்தபடி, வழி காலி என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டே வருவான். டிராக்டர்காரருக்கும் அது கேட்கும். குரல் நின்றால் வண்டி நிற்க வேண்டும். போன பனிக்காலத்தில் இறக்கையோடு நடந்த ஒருவன் சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தபிறகு, இதில் யாரும் விளையாடுவதில்லை.

வண்டி நகர்ந்தது. வெளியே ஒரே வெள்ளை.

"காலி மாமா, வாங்க. அக்கா இன்னிக்கும் உப்பு போட மறந்துட்டா. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. காலி."

"வேலையப் பாருடா."

"பாத்துக்கிட்டேதான் பேசுறேன். காலி."

கொஞ்ச தூரம் போனது.

"காலி."

"காலி."

மாமா இல்லை. அக்கா இல்லை. கருகிய ரப்பர் நாற்றம் மெல்ல உள்ளே வந்தது.

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

"காலி."

பனி ஒருகணம் விலகியது. பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தான். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதன் வயர் அறுந்திருந்தது. இரண்டு கையையும் ஆட்டி, டிராக்டரைப் பிடிக்க ஓடினான். வாய் கத்தியது. சத்தம் இல்லை.

காதில் மட்டும், நிதானமாக:

"காலி."

பிரேக்கை மிதித்தார். பஞ்சை மிதித்ததுபோல் இறங்கியது.

"நிறுத்து!" என்று அலறினார். ஹெட்செட்டில் அவர் குரலிலேயே வேறொன்று கேட்டது.

"போகலாம்."

ரேடியோ வழுக்கி விழுந்தான். விமானத்தின் மூக்குக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இலேசான ஒரு குலுக்கல்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. டிராக்டர்காரர் விமானத்தின் வாசலில் வந்து நின்றார். "நீங்கதானண்ணே போகலாம்னீங்க?"

சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து.

வயரைப் பிடுங்கி, ஹெட்செட்டைத் தன் மடியில்தான் போட்டிருந்தார். அதிலிருந்து மெதுவாக வந்தது.

"காலி."

பிறகு, அதன் பக்கத்தில் நிற்பதுபோல், இன்னொரு குரல்.

"காலி மாமா. வாங்க."