இரண்டாவது நட்சத்திரம்

கோடு கிடைத்துவிட்டது. அதன் முடிவுதான் கிடைக்கவில்லை.

1974 சித்திரை. அரியலூரில், பெரம்பலூர் சாலையோரம் சிவசுப்பிரமணியன் சார் ஆராய்ச்சிக்கென வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், சன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிய அறையில், வேம்பு மூன்று நாளாக நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தாள். கண்ணாடித் தகட்டில் பூசிய புகைப்படப் பூச்சுக்குள் துகள் ஒன்று பாய்ந்தால், போன வழியெல்லாம் கரும்புள்ளி விழும். அணுக்கரு உடைந்தால் கோடுகள் நட்சத்திரம் போலத் தெறிக்கும். அபூர்வமாக ஒரு சில்லு, லாம்டா என்னும் விசித்திரத் துகளை வயிற்றில் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் ஓடும். ஒரு நொடியை ஆயிரம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் அதற்கு ஆயுசு. பிறகு அதுவும் சிதைந்து இரண்டாவது நட்சத்திரமாகும். நடுவிலுள்ள தூரத்தை அளந்து ஆயுளைக் கணக்கிடலாம்.

இங்கே முதல் நட்சத்திரம் இருந்தது. அதிலிருந்து தடித்த கோடு ஒன்று மேல்நோக்கி ஏறியது. இரண்டாவதைக் காணோம்.

"என்ன வேம்பு, நட்சத்திரம் லீவுல போயிடுச்சா?" வாசலில் நின்று கேட்டார் சார்.

"தேடுறேன் சார்."

"சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா உங்கப்பன்கூட ரெட்டிபாளையத்துல கல்லு சொமக்கப் போ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேம்பு குடியிருந்த தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போனது. தகடு மெல்ல அதிர்ந்தது. லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே சொட்டியிருந்த எண்ணெய் வெக்கையில் இளகி, அதன் மரவாசனை தொண்டையில் ஒட்ட, அவள் நுண்ணோக்கியின் திருகை இம்மி இம்மியாக மேலே திருப்பினாள். லென்ஸ் குவியும் உயரம் மட்டுமே தெளிவாகத் தெரியும். புள்ளி. அடுத்த புள்ளி. பூச்சின் மேல்தளம் வந்து கடந்தது. அதற்கு மேலே, வெறும் எண்ணெயில், இன்னொரு புள்ளி.

தூசியாக இருக்கும். துடைத்தாள். புதுச் சொட்டு வைத்தாள். அதே இடத்தில் அதே புள்ளி.

எண்ணெயில் எதுவும் பதியாது. கழுவிக் காய்ந்த தகட்டிலும் இனி எதுவும் பதியாது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

லென்ஸை எண்ணெயிலிருந்து உயர்த்தினாள். காற்றில் ஒரு புள்ளி. அதற்கு மேல் இன்னொன்று. நேராக. அவளை நோக்கி.

தலையை வெடுக்கென்று நிமிர்த்தினாள்.

வெள்ளைச் சுவரில் கோடு. கூரையைப் பார்த்தாள். கூரையில் கோடு.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணையும் மூடினாள். இருட்டு. இருட்டிலும் கோடு. நீண்டது. நின்றது.

வெடித்தது.

"சார்..."

"கெடச்சுதா? எத்தன கெளை பிரியுது?"

"மூணு சார்."

"சபாஷ்!" பேனா மூடியைத் திறக்கும் ஓசை. "எங்க இருக்கு? எடத்தச் சொல்லு."

அவள் கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. இமைக்குள் நான்காவது கிளை மெதுவாக நீண்டது.

கோடு தகட்டில் முடியவேயில்லை. பூச்சையும் எண்ணெயையும் தாண்டி, லென்ஸ் குழாய் வழியாக ஏறி, வலது கண்ணின் பாவைக்குள் நுழைந்திருந்தது. இரண்டாவது நட்சத்திரம் அதற்கு முக்கால் அங்குலம் பின்னால் இருந்தது.